கூய்லுக் சந்தையருகே ஒரு கோர்யோ சாரம் உணவகம்: குக்சியும் 1937-ஆம் ஆண்டின் ஆணையும்

தாஷ்கண்ட் நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள கூய்லுக் சந்தையிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், வீட்டின் முன்முற்றத்தையே சாப்பாட்டுக் கூடமாக மாற்றி மூன்று பெண்கள் நடத்தும் ஒரு சிறிய உணவகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. தாய், மகள், பேத்தி ஆகிய அம்மூவரும் தங்களைக் கோர்யோ சாரம் என்று சொல்லிக்கொள்பவர்கள். அதாவது, 1937-ஆம் ஆண்டில் சோவியத் அரசு தூரக்கிழக்கு எல்லைப்புறத்திலிருந்து பெயர்த்தெடுத்து நடு ஆசியாவில் கொண்டுவந்து இறக்கிய கொரியர்களின் வழித்தோன்றல்கள். உணவகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மூத்தவர் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் உணவைப் பற்றியும், அந்த உணவு ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் விரிவாகவே எழுதியாக வேண்டும். ஒரு பேரரசு தன் எல்லையோரச் சிறுபான்மையினரை என்ன செய்தது என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து உண்டபோது புரிந்துகொண்ட அளவுக்கு வேறெங்கும் நான் புரிந்துகொண்டதில்லை.

உணவகத்துக்குப் போவதற்கு முன் சந்தைக்குள் சென்று கொரியப் பெண்கள் ஊறுகாய்களும் சாலட்களும் விற்கும் வரிசையைப் பார்த்துவிடுவது நல்லது. குவியல் குவியலாகச் செம்மஞ்சள் நிறத்தில் முன்னே நிற்பது மொர்கொவ்சா. நான் நின்ற இடத்தில் ஒரு பெண் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார். கேரட்டை நீளவாக்கில் பிடித்து, இதற்கென்றே செய்யப்பட்ட துருவியில் ஒரே திசையில் இழுத்து, நூடுல்ஸ் போல நீண்ட இழைகளாக்கினார். உப்பும் சிறிது சர்க்கரையும் தூவி, கையால் பிசையாமல் விரல் நுனிகளால் மட்டும் கிளறி, கேரட் தன் நீரை விடும்வரை ஓரமாக வைத்தார். பிறகு இழைகளின் நடுவில் குழி செய்து, கரகரப்பாகப் பொடித்த தனியா, நசுக்கிய பூண்டு, சிவப்பு மிளகாய்த்தூள் ஆகியவற்றை அந்தக் குழியில் இட்டு, புகை கிளம்பும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயை அவற்றின் மேலேயே ஊற்றினார். சொய்ங் என்ற ஓசையோடு எழுந்த தனியா மணம் அடுத்த கடைவரை சென்றது. கடைசியாக வினிகர் சேர்த்துக் கிளறி மூடினார். உடனே சாப்பிடக் கூடாது, அரை நாளாவது ஊற வேண்டும் என்று சொல்லி, முதல் நாள் செய்ததிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

பழைய சோவியத் நாடுகள் முழுவதிலும் இதைக் 'கொரியக் கேரட்' என்றே அழைக்கிறார்கள். கொரியாவின் பாரம்பரியச் சமையலில் இப்படி ஒரு பண்டம் கிடையாது. கொரியரின் காரமான ஊறுகாயான கிம்ச்சிக்கு வேண்டிய நீண்ட முட்டைக்கோஸ் கிடைக்காத நிலத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், புலாவுக்காக உஸ்பெக்கியர்கள் வண்டி வண்டியாக விளைவித்துக்கொண்டிருந்த கேரட்டை எடுத்து, தங்களுக்குத் தெரிந்த முறையில் பதப்படுத்தியதில் பிறந்தது இது. பெயரின் முற்பாதி கேரட்டுக்கான ரஷ்யச் சொல். பிற்பாதி, நறுக்கிப் பதப்படுத்திய காய்கறியைக் குறிக்கும் கொரியச் சொல். இரண்டு மொழிகளையும் இப்படி ஒட்டவைத்த நிகழ்வு எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த உணவகத்தின் பட்டியலைப் படிக்க முடியாது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கொரியர்கள் ரஷ்ய எல்லைக்குள் குடியேறியது 1860-களில். 1860-ஆம் ஆண்டுப் பீக்கிங் உடன்படிக்கையின்படி உசூரி ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள நிலம் ஜார் பேரரசின் கைக்கு வந்தது. அதன் தெற்கு நுனியில் தூமென் ஆறு மட்டுமே கொரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே எல்லையாக நின்றது. வடகொரியப் பகுதியான ஹாம்க்யோங்கிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்ட விவசாயக் குடும்பங்கள் அந்த ஆற்றைக் கடந்து போஸ்யெத் குடாவை ஒட்டிக் குடிசை போட்டன. வெறும் நிலத்தைப் பயிர் செய்ய ஆள் கிடைத்தது என்று அதிகாரிகள் முதலில் மகிழ்ந்தார்கள். எல்லைக்கு இவ்வளவு அருகில் அயல்நாட்டு இனத்தார் கூட்டமாக இருப்பது பின்னர் அவர்களை உறுத்தியது. 1871-ஆம் ஆண்டிலேயே சுமார் 100 குடும்பங்களை எல்லையிலிருந்து கிளப்பி, வடக்கே வெகுதூரம் தள்ளி, அமூர் ஆற்றுப் பக்கம் பிளகஸ்லவேன்னயே என்ற புதிய கிராமத்தில் குடியமர்த்தினார்கள். 'ஆசீர்வதிக்கப்பட்டது' என்பது அந்தப் பெயரின் பொருள். ஜார் காலத்துக் குடிபெயர்ப்பால் உருவான அந்தக் கிராமத்தின் கொரியர்களையும் 66 ஆண்டுகள் கழித்துச் சோவியத் காலத்துக் குடிபெயர்ப்பு வாரிக்கொண்டு போனது. ஆட்சியின் பெயரும் கொள்கையும் கொடியும் மாறியிருந்தன. எல்லையோரத்தில் வாழும் சிறுபான்மையினரை மக்களாகப் பாராமல் வரைபடத்தின் மேல் வைத்த காய்களாகப் பார்க்கும் பார்வை மட்டும் அப்படியே கைமாறியிருந்தது.

சோவியத் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் நிலைமை நம்பிக்கை தருவதாகவே இருந்தது. கொரிய மொழிப் பள்ளிகள், விளாதிவஸ்தோக்கில் கொரிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1932-இல் தொடங்கிய கொரிய நாடக அரங்கம், 'சென்போங்' என்ற செய்தித்தாள், போஸ்யெத்தில் கொரியருக்கென ஒரு தேசிய வட்டம் என்று பலவும் அமைந்தன. ஆனால் அதே ஆண்டுகளில், கொரியர்களை எல்லையிலிருந்து விலக்கி 48.5 பாகை அட்சரேகைக்கு வடக்கே குடியமர்த்தும் திட்டமும் கோப்புகளில் இருந்தது. பள்ளியைத் திறந்த அரசே மறுகையில் வெளியேற்றத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலித்த பகுதி.

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போரைத் தொடுத்தது. ஆகஸ்ட் 21 அன்று சோவியத் ஒன்றியமும் சீனாவும் ஆக்கிரமிப்பற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே நாளில், ஸ்டாலினும் அரசாங்கத் தலைவர் மொலோட்டொவும் கையெழுத்திட்ட 1428-326 என்ற எண் கொண்ட மறைவான ஆணை, தூரக்கிழக்கின் எல்லை வட்டங்களிலிருந்து கொரியர் அனைவரையும் வெளியேற்றும்படி கூறியது. ஜப்பானிய உளவு ஊடுருவலைத் தடுப்பதே அதில் சொல்லப்பட்ட காரணம். கொரியாவை அடிமைப்படுத்தியிருந்த ஜப்பானின் ஆட்சியிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களும், அதை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களும் நிறைந்த ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றம் அது. வேலையை உடனே தொடங்கி 1938 ஜனவரி 1-க்குள் முடிக்க வேண்டும் என்றும், மக்கள் தங்கள் உடைமைகளையும் உழவுக் கருவிகளையும் கால்நடைகளையும் கொண்டுபோகலாம் என்றும், விட்டுச்செல்லும் சொத்துக்கும் விதைத்த பயிருக்கும் இழப்பீடு உண்டு என்றும் ஆணையில் எழுதியிருந்தது. செப்டம்பர் 28 அன்று வந்த இரண்டாவது ஆணை, எல்லைக்கு அருகில் இல்லாத எஞ்சிய கொரியர்களையும் சேர்த்துக்கொண்டது. எல்லைப் பாதுகாப்புதான் காரணம் என்ற வாதம் அந்த இரண்டாம் ஆணையோடு விழுந்துவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சியது இனம் ஒன்றுதான். சோவியத் ஒன்றியத்தில் ஒரு தேசிய இனத்தை ஒட்டுமொத்தமாக வெளியேற்றிய முதல் நிகழ்வாக இதையே வரலாற்றாசிரியர்கள் எண்ணுகிறார்கள்.

ஜனவரி வரை தவணை கொடுத்திருந்தும் அக்டோபர் 25-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று உள்துறை ஆணையர் யெஷோவ் அறிக்கை அளித்தார். 124 ரயில்கள், 36,442 குடும்பங்கள், 1,71,781 பேர். அவர்களில் 95,256 பேர் கஜகஸ்தானுக்கும் 76,525 பேர் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டனர். இலக்கத்தின் கடைசி ஒன்று வரை பிசகாத இந்தக் கணக்கைப் படிக்கும்போது, அந்த ஒன்றுக்குள் இருந்தவர் யார் என்ற கேள்வி மனத்தைவிட்டு அகலுவதில்லை. தூரக்கிழக்கில் இந்த வேலையை முன்னின்று நடத்திய உள்துறை அதிகாரி கென்ரிக் லியுஷ்கோவ், தன்மீதே சந்தேகம் திரும்பியதை உணர்ந்து 1938 ஜூனில் எல்லையைத் தாண்டி ஜப்பானியரிடம் அடைக்கலம் புகுந்தார். ஜப்பானிய உளவாளிகள் என்று பழிசுமத்தி அவர் ரயிலேற்றிய குடும்பங்கள் அப்போது கஜகஸ்தானின் மண் குழிகளில் முதல் குளிர்காலத்தைக் கடந்து முடித்திருந்தன.

இனி உணவகத்துக்கு வருகிறேன். முற்றத்தில் திராட்சைப் பந்தலின் கீழே ஆறு மேசைகள். உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே மூன்று சிறு கிண்ணங்கள் வந்துவிடுகின்றன: மொர்கொவ்சா, கத்தரிக்காய்ச் சாலடான கதிசா, சாதாரண வெள்ளை முட்டைக்கோஸில் போட்ட கிம்ச்சி. கிம்ச்சியை இவர்கள் 'சிம்ச்சி' என்கிறார்கள். ஹாம்க்யோங் வட்டார வழக்கு அது. கத்தரிக்காயை நீளமாக அரிந்து பொரித்து, பூண்டும் சோயாவும் சேர்த்து ஊறவைத்திருந்த கதிசாவின் பதத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். காய் குழையவில்லை, எண்ணெயும் கக்கவில்லை. சிம்ச்சி மட்டும் அன்று சற்று அதிகமாகவே புளித்திருந்தது.

முதன்மையான உணவு குக்சி. கொரியாவில் குக்சு என்று சொல்வதை ஹாம்க்யோங் நாவு குக்சி என்று மாற்றியிருக்கிறது. ஆழமான கிண்ணத்தில் மெல்லிய கோதுமை நூடுல்ஸ். அதன்மேல் 'சுமி' என்று இவர்கள் சொல்லும் மேற்பகுதி: மெல்லியதாக அரிந்து முட்டைக்கோஸுடன் வதக்கிய மாட்டிறைச்சி, உப்பும் வினிகரும் பட்ட வெள்ளரிக்காய், நூல் போல நறுக்கிய முட்டை அடை, கொத்தமல்லித் தழை. தனியே ஒரு ஜாடியில் வரும் குளிர்ந்த ரசத்தை நம் எதிரேயே ஊற்றுகிறார்கள். புளிப்பு முதலில் நாவைத் தொடுகிறது, பின் இனிப்பு, அதன்பின் சோயாவின் ஆழ்ந்த உவர்ப்பு. நிழலிலும் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மதியத்தில் முதல் மிடறு தொண்டையில் இறங்கியபோது, மேசையிலிருந்த மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. நான் போன அன்று ஒரு கிண்ணம் 40,000 சோம் (உஸ்பெக்கிய நாணயம்). ஒருவருக்கு அது தாராளமாகப் போதும்.

இந்தக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தால் அதில் குடிபெயர்ப்பு முழுவதும் தெரிகிறது. கொரியாவின் வடபகுதியில் நூடுல்ஸுக்குப் பக்வீட் என்னும் தானியத்தின் மாவும் மாவுச்சத்தும் பயன்படும். இங்கே உஸ்பெக்கியக் கோதுமை. ரசத்தின் செய்முறை ஹாம்க்யோங்குடையது, அதில் மிதக்கும் தக்காளித் துண்டு சிர்சிக் ஆற்றங்கரைத் தோட்டத்தினுடையது. மேலே தூவியிருந்த சதகுப்பைத் தழை ரஷ்யச் சமையலறையிலிருந்து வந்தது. இதைக் கலப்பு உணவு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கலப்பு என்ற சொல் விருப்பத்தைக் குறிக்கிறது. இந்தச் சமையலறையில் ஒவ்வொரு பொருளும் கிடைக்காமல் போன இன்னொரு பொருளின் இடத்தில் நிற்கிறது.

இரண்டாவது சுற்றுத் தேநீரோடு மூத்தவர் வந்து எங்கள் மேசையருகே அமர்ந்தார். வீட்டார் அவரை 'அமே' என்று அழைத்தார்கள். பாட்டி என்று பொருள். தாஷ்கண்டில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர் அவருடைய ரஷ்யப் பேச்சை எனக்கு மொழிபெயர்த்தார். அவர் பிறந்தது இங்கேதான், ஒரு கூட்டுப்பண்ணையில். அவருடைய தாய் ரயிலில் வந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி.

"வயலில் நெல் முற்றி நின்றதாம். அறுக்க விடவில்லை. என் அம்மா சாகும்வரை அந்த வயலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார்" என்றார் அமே.

ஆணையில் இழப்பீடு உண்டு என்று எழுதியிருந்த பயிர் அது. செப்டம்பரில் நடந்த வெளியேற்றம் அறுவடைக்குச் சற்று முன் வந்து நின்றது. சரக்குப் பெட்டிகளில் இரண்டு அடுக்காகப் பலகை அடித்து, நடுவில் ஓர் இரும்பு அடுப்பு வைத்து, ஒரு பெட்டிக்குப் பல குடும்பங்கள் என்று ஏற்றினார்கள். 6,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. குழந்தைகளும் முதியவர்களும் வழியில் இறந்தார்கள். அமேயின் தாய் கொண்டுவந்தவற்றில் இன்றும் அந்த வீட்டில் இருப்பது ஒரு பொருள்தான்: நூடுல்ஸ் மாவை வெட்டும் அகலமான, பிடி தேய்ந்த கத்தி. அதை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். மரப்பிடியில் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அலகு பலமுறை தீட்டப்பட்டுப் பாதியாக ஒடுங்கிவிட்டது. "இது இப்போது வெட்டாது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை தீட்டுவேன்" என்றார். ஏப்ரல் 5 அன்று வரும் ஹான்சிக் நாளில், கல்லறைக்குப் போவதற்கு முன், அதைத் தீட்டி எண்ணெய் பூசி வைப்பாராம்.

கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்ட பலர் உஷ்தொபெ நிலையத்தில் இறக்கப்பட்டு, பாஸ்தொபெ குன்றின் அடியில் குழி தோண்டி அதற்குள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தக் குழிகளின் தடமும் நினைவுக்கற்களும் இன்றும் அங்கே உள்ளன. தங்களுக்கே உணவு போதாத கஜக் மக்கள் ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்ததைக் கோர்யோ சாரம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. உஸ்பெகிஸ்தானுக்கு வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது சிர்சிக் பள்ளத்தாக்கின் நாணற்காடு. அதை வெட்டி, நீரை வடித்து, நெல் விளைவித்தார்கள். 'துருவ நட்சத்திரம்' என்ற கூட்டுப்பண்ணையின் தலைவராக இருந்த கிம் பென் ஹ்வா, சோசலிச உழைப்பின் வீரர் விருதை இருமுறை பெற்றார். அவருடைய பெயரில் ஓர் அருங்காட்சியகம் தாஷ்கண்ட் மாநிலத்தில் இன்றும் இருக்கிறது. உளவாளிகள் என்று வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பத்தாண்டு கழித்து நாட்டின் மிக உயர்ந்த பதக்கங்கள் கிடைத்தன. ஆனால் அவர்கள் விட்டுவந்த வயலுக்குத் திரும்பும் உரிமை அந்தப் பதக்கங்களோடு வரவில்லை.

மூன்றாவதாக நாங்கள் கேட்டது சிர்யாக்-தியமுரி. உலர்த்திய முட்டைக்கோஸ் இலையை, 'தியாய்' எனப்படும் நொதித்த சோயா விழுதில் வேகவைத்த குழம்பு இது. வேகவைத்த சோயாவைக் கட்டிகளாக்கிக் காயவைத்து, நொதிக்கவிட்டு, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துத் தியாய் செய்ய வேண்டும். இந்த வீட்டில் அதை இன்னமும் கொல்லைப்புறத்திலேயே செய்கிறார்கள். மணம் கடுமையானது, பழக்கமில்லாதவர் முதலில் முகத்தைச் சுளிக்கக்கூடும். இரண்டு கரண்டி உள்ளே போனபின் நிறுத்த முடியாது. எங்களுக்கு வந்த குழம்பு ஆறிப்போயிருந்ததை இங்கே குறையாகப் பதிவு செய்கிறேன். கேட்டதும் மறுபேச்சின்றிச் சூடாக்கித் தந்தார்கள் என்றாலும், தியாய்க் குழம்பை இரண்டாம் முறை சூடாக்கினால் அதன் மணம் மட்டுப்பட்டுவிடும். பரிமாறுவதும் தாமதமாகவே நடக்கிறது. பிகொதி எனப்படும் ஆவியில் வேகவைத்த இறைச்சிக் கொழுக்கட்டை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாவு பஞ்சுபோல இருந்ததால் காத்திருந்தது வீணாகவில்லை.

என் முதன்மையான மனக்குறை வேறு. உணவுப் பட்டியலின் முதல் நான்கு பக்கங்கள் முழுவதும் சியோல் நகர உணவுகள்: கிம்பாப், தொக்பொக்கி, நெருப்பில் வாட்டிய இறைச்சி. சுவரில் சியோல் கோபுரத்தின் படம். தொலைக்காட்சியில் இடைவிடாமல் தென்கொரியப் பாடல்கள். குக்சியும் பிகொதியும் சிர்யாக்-தியமுரியும் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ரஷ்ய மொழியில் மட்டும் இருந்தன. பரிமாறிய இளைஞரிடம் தியமுரி என்றால் என்ன என்று கேட்டேன். 'ஒரு சூப்' என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. தென்கொரியாவிலிருந்து வரும் வணிகர்களும், சியோல் தொடர்களைப் பார்த்து வளர்ந்த தாஷ்கண்ட் இளைஞர்களும் எதைத் தேடி வருகிறார்களோ அதை முன்னால் வைக்கிறோம் என்று மகள் விளக்கினார். வியாபாரம் நடந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொக்பொக்கியை எந்த நகரத்திலும் உண்ணலாம். இந்த வீட்டுத் தியாயை இந்த வீட்டில் மட்டுமே உண்ண முடியும். சியோலிலிருந்து வரும் விருந்தினர்கள் தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதுண்டு, உங்கள் கொரியமொழி கொரியமொழியே இல்லை என்று சொல்வதுண்டு என்று அமே குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, கடைசிப் பக்கத்தின் சிறிய எழுத்துக்குக் காரணம் வியாபாரம் மட்டுமில்லை என்று புரிந்தது.

அந்தப் பேச்சுக்கு நேர்ந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடிபெயர்ப்புக்கு அடுத்த ஆண்டே, 1938-இல், கொரிய மொழிப் பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. விளாதிவஸ்தோக்கின் கொரியக் கல்லூரியும் நாடக அரங்கமும் கஜகஸ்தானின் கிசிலோர்தாவுக்கு வந்துசேர்ந்தன. கல்லூரி தன் மொழியை இழந்தது, அரங்கம் மட்டும் தாக்குப்பிடித்தது. 'சென்போங்' இதழ் 1938-இல் 'லெனின் கிச்சி' என்று பெயர் மாறி, 1991 முதல் 'கோர்யோ இல்போ'வாக வெளிவருகிறது. 1920-இல் மஞ்சூரியாவின் போங்கோதோங் போரில் ஜப்பானியப் படையைத் தோற்கடித்த விடுதலைப் போராளி ஹோங் போம்-தோவையும் மற்றவர்களோடு ரயிலேற்றி அனுப்பினார்கள். கிசிலோர்தாவில் அந்த நாடக அரங்கத்தின் காவலாளியாக வேலை செய்து 1943-இல் அவர் இறந்தார். 2021 ஆகஸ்டில்தான் அவருடைய எச்சங்கள் தென்கொரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வீட்டில் பாட்டியிடம் பேசியதும் சமையலறையில் கேட்டதும் மட்டுமே மொழியாக எஞ்சிய பிள்ளைகளுக்கு, உணவின் பெயர்களே தாய்மொழியின் பெரும்பகுதி. அதனால்தான் பட்டியலில் அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன, எந்த அளவு எழுத்தில் இருக்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகளிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை பட்டியல் அச்சடிக்கும்போது பார்ப்பதாகச் சொன்னார்.

கொரியர்களுக்கு மட்டும் நேர்ந்த கதையாக இதைப் படிக்கக் கூடாது. 1936-இல் உக்ரைனின் மேற்கு எல்லையிலிருந்து போலந்தியரும் ஜெர்மானியரும் கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். கொரியர்களைக் கொண்டு முழு இனத்தை நகர்த்திப் பழகிய கை, 1941-இல் வோல்கா ஜெர்மானியரையும், 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்களையும், அதே ஆண்டு மே 18 அன்று கிரிமியத் தாத்தாரையும், நவம்பரில் மெஸ்கேத்தியத் துருக்கியரையும் அதே முறையில் ரயிலேற்றியது. கிரிமியத் தாத்தாரில் பெரும்பாலோர் இந்த உஸ்பெகிஸ்தானுக்கே வந்தார்கள். கூய்லுக் சந்தையில் மொர்கொவ்சா வாங்கியபின் கிரிமியத் தாத்தாரின் பண்டமான, இறைச்சி அடைத்த செபுரெக்கி ஒன்றையும் வாங்கித் தின்றால், வெவ்வேறு எல்லைகளில் வாழ்ந்த இரண்டு மக்களை ஒரே கையெழுத்து ஒரே நகரத்தில் கொண்டுவந்து சேர்த்தது நினைவுக்கு வரும். கொரியர்கள்மீதான நடவடிக்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று ரஷ்யாவின் உச்ச சோவியத் ஏற்றுக்கொண்டது 1993-இல். அமேயின் தாய் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

போக விரும்புவோருக்கு நடைமுறைச் செய்திகள் சில. கூய்லுக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சந்தை அருகிலேயே இருக்கிறது. சந்தையின் சாலட் வரிசையில் நிற்கும் எந்தப் பெண்ணிடமும் 'வீட்டில் செய்த தியாய் எங்கே கிடைக்கும்' என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். மதியம் ஒரு மணிக்குமேல் கூட்டம் அதிகம் என்பதால் பன்னிரண்டுக்கே போய்விடுவது நலம். மூன்று பேர் வயிறார உண்டதற்கு 3,10,000 சோம் ஆயிற்று, தேநீருக்குக் காசு வாங்கவில்லை. அட்டையில் பணம் செலுத்த வசதியில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் பிகொதியை உட்கார்ந்த உடனே சொல்லிவிட வேண்டும். பட்டியலை எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கிருப்பதை மட்டும் கேளுங்கள்.

வினிகரில் ஊறிய பச்சை மீனான ஹே, பட்டியலில் இல்லை. முதல் நாளே சொல்லிவைத்தால் செய்து தருகிறார்கள். ஜப்பான் கடலோரத்திலிருந்து வந்தவர்கள் கடலே இல்லாத நாட்டில் ஆற்றுக் கெண்டையைக் கொண்டு செய்யப் பழகிய பண்டம் அது. நான் சொல்லிவைக்காமல் போனதால் எனக்குக் கிடைக்கவில்லை. அமே தன் கையாலேயே மீனை அரிவார் என்றும், அதற்கு மட்டும் வேறு யாரையும் விடமாட்டார் என்றும் பேத்தி சொன்னாள். புறப்படும்போது வாசல்வரை வந்த அமே, "அடுத்த முறை முதல் நாளே ஆள் அனுப்பு, மீன் வாங்கி வைக்கிறேன்" என்று சொல்லி, ஒரு சிறு புட்டியில் தியாயை நிரப்பி, மூடியை இரண்டு முறை இறுக்கிக் கையில் கொடுத்தார்.